சபூரா மிஸ் வராத மூன்றாவது பீரியட்

மேக் என்றால் நான் எழுந்திருக்க வேண்டும். கிளாஸ் லீடர் ஜெஸிந்தா கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மிஸ்ஸுடைய மரஸ்கேலால் மேசையில் ஒரு தட்டுத் தட்டி "மேக்" என்கிறாள், இடது பக்க முதல் பெஞ்சில் நான் எழுந்திருக்கிறேன், உடனே வலது பக்கத்தில் டிசிஷன் எழுந்திருக்கிறாள், நாய்ஸ் எழுந்திருக்கிறாள், மிஸ்டேக், பிராமிஸ், பிளான், கடைசி பெஞ்சில் போன்கால், எல்லாரும் என்னைப் பார்த்து நிற்கிறார்கள், வகுப்பே சேர்ந்து மேக் எ டிசிஷன், மேக் எ நாய்ஸ், மேக் எ மிஸ்டேக் என்று ஓட்டுக்கூரை அதிரக் கத்துகிறது, மேக் எ போன்கால் என்று முடிக்கிறது, நான் உட்காருகிறேன். உட்கார்ந்ததும் என் முழங்கால் ஆட ஆரம்பிக்கிறது. பெஞ்சு முழுக்க ஆடுகிறது. பக்கத்தில் இருக்கிற டேக் என் தொடையில் கிள்ளி "சும்மா இரிட்டி, எழுத்து கோணுது" என்கிறாள். இருக்கத்தான் பார்க்கிறேன். நாற்பத்தியிரண்டு பேருக்கும் ஆளுக்கொரு வார்த்தை, இடது பக்கம் வினை, வலது பக்கம் பெயர், ஜூன் மாதமே சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டாள் எங்கள் இங்கிலீஷ் டீச்சர் சபூரா மிஸ். ஒத்தை வார்த்தையைப் படிக்காதீங்க, அது யார்கூட சிநேகமா இருக்குன்னு பாத்துப் படிங்க என்பாள். ஹோம்வொர்க்கை ஏன் மிஸ் மேக் பண்ணக் கூடாது, ஏன் டூதான் பண்ணணும் என்று நான் கேட்டதற்கு, "உங்க தெருவுல யாரு வீட்டுக்கு யாரு பந்தி பரிமாற வருவான்னு சட்டம் போட்டா வச்சிருக்கு? பழக்கம்தான் முப்பிடாதி" என்றாள். எனக்கு மேக் கொடுத்ததற்கும் காரணம் சொன்னாள். அதுக்குத்தான் அதிக ஜோடி, நிமிஷத்துக்கு ஒருதடவை எழுந்திருக்கணும், உனக்குத்தான் உட்கார முடியாதே. எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் அதிகம் சிரித்தேன். இப்போது மிஸ்ஸுடைய நாற்காலி காலியாக இருக்கிறது. அதன் முதுகில் மிஸ் தொங்கப்போடும் கைப்பை இல்லை. ஜெஸிந்தா "டேக்" என்கிறாள், பக்கத்துக்காரி எழுந்திருக்கிறாள், டேக் எ பாத், டேக் எ போட்டோ, டேக் எ சான்ஸ். ஜன்னலோரம் பி.டி. மிஸ் சப்ஸ்டிடியூஷனுக்கு வந்து உட்கார்ந்து கழுத்தில் தொங்கும் விசிலின் கயிற்றை விரலில் சுற்றுகிறாள், அவிழ்க்கிறாள், சுற்றுகிறாள். மணி பதினொன்று பத்து. பீரியட் முடிய இன்னும் அரைமணி நேரம்.

பி.டி. மிஸ்ஸின் விசில் எனக்கு வரும். வாயை உள்ளே இழுத்து நாக்கை மடித்து ஊதினால் பிளஸ் டூ அக்காமார் வரைக்கும் வரிசையில் நிற்பார்கள், நின்றிருக்கிறார்கள். சுரண்டை பஸ் கண்டக்டர் வரும், முன்னால போங்கம்மா முன்னால போங்க உள்ள திருவிழா மாதிரி இடம் கெடக்கு. கெமிஸ்ட்ரி மிஸ் வரும், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூக்கை உறிஞ்சவேண்டும். எங்கள் அம்மா போனில் சித்தியிடம் பேசும் குரல் வேறு, எங்களிடம் பேசும் குரல் வேறு, ரெண்டும் வரும். ஜெஸிந்தா வீட்டு மிக்ஸி தேங்காய் அரைக்கும்போது ஒருமாதிரி, உளுந்துக்கு ஒருமாதிரி, அதுகூட வரும். ஒருத்தரை ரெண்டு நாள் கேட்டால் போதும், மூணாம் நாள் அவர்கள் என் தொண்டைக்குள் வந்து உட்கார்ந்துகொள்வார்கள், நான் கூப்பிடவே வேண்டாம். எச்.எம். லீலாவதி மேடம்தான் எனக்கு நல்லா வருகிற குரல். முதலில் தொண்டையில் சின்னதாக ஒரு செருமல். ரெண்டு நொடி நிறுத்தம், அந்த ரெண்டு நொடியில் கேட்கிறவர்கள் தாங்கள் செய்த எல்லாத் தப்பையும் நினைத்துப் பார்த்துவிடுவார்கள். அப்புறம் பெயர், பெயருக்குப் பின்னால் ஒன்றும் போடமாட்டார், அப்புறம் விஷயம், கடைசியில் "அவ்ளோதான்". அந்த அவ்ளோதானில் கதவு சாத்துகிற சத்தம் இருக்கும். பாத்ரூம் பக்கம் நின்று இதை நான் செய்தபோது சபூரா மிஸ் பின்னால் வந்துவிட்டாள், எல்லாரும் கலைந்து ஓடினார்கள், நான் மட்டும் மாட்டினேன். மிஸ் திட்டவில்லை. வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்து சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள், அப்புறம் சட்டென்று நிறுத்திவிட்டு ரெண்டு பக்கமும் பார்த்தாள். "இனிமே செய்யாத, எனக்கு நிஜமாவே வயிறு கலங்கிருச்சி" என்றாள். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொண்டேன். டேக் எ காம்ப்ளிமென்ட், அது சரியா, பக்கத்துக்காரியிடம் கேட்கலாம், வேண்டாம். அவளுக்கு வயிறு கலங்கியது என்று சொன்னாள், நான் அதில் என் திறமையைத்தான் கேட்டேன், வயிற்றைக் கேட்கவில்லை.

"கீப்" என்கிறாள் ஜெஸிந்தா, கீப் எ சீக்ரெட், கீப் எ டைரி. சீக்ரெட் எழுந்து உட்கார்ந்தாள். அவள் பெயர் வேறு என்னமோ, ஜூனிலிருந்து அவள் எங்களுக்கு சீக்ரெட்தான். போன சனிக்கிழமை எங்களுக்கு ஸ்பெஷல் கிளாஸ். சபூரா மிஸ்ஸுக்கு அன்று வகுப்பு இல்லை. அட்டென்டன்ஸ் நோட்டை ஆபீஸில் வைக்கப் போனால் ஆபீஸில் ஒருத்தரும் இல்லை, கிளார்க் அண்ணாச்சி டீக்குப் போய்விட்டார், மேசையில் அந்தப் பச்சைநிற லேண்ட்லைன் போன், கண்ணாடிக்கு அடியில் எல்லா டீச்சர் நம்பரும் டைப் அடித்த தாள். அதைப் பார்த்ததும் தொண்டையில் எச்.எம். வந்து உட்கார்ந்துவிட்டார். நான் வேண்டாம் என்றா சொன்னேன், வாங்க மேடம் என்றுதான் சொன்னேன். ஜெஸிந்தாவை வாசல் கேட்டுக்குக் காவலுக்கு அனுப்பினேன். விஷயம் இவ்வளவுதான், திங்கட்கிழமை இன்ஸ்பெக்‌ஷன், எல்லா டீச்சரும் சேலைக்கு வெள்ளைக் கேன்வாஸ் ஷூ போட்டு வரணும், அவ்ளோதான். சபூரா மிஸ் மட்டும் வெள்ளை ஷூவில் பஸ் இறங்கி நடந்து வருவாள், மற்ற டீச்சர்மார் பார்ப்பார்கள், அவளும் சிரிப்பாள், யார் செய்தது என்று அவளுக்குத் தெரிந்தும்விடும், வகுப்புக்கு வந்து ஸ்கேலை எடுத்து மேக் எழுந்திரு என்பாள். இதையே நினைத்து நினைத்து நம்பரை ரெண்டு தடவை தப்பாக அழுத்தினேன். மணி அடித்தது. எடுத்தாள். என்னைப் பேசவே விடவில்லை, இல்லை, அப்படிச் சொல்லக் கூடாது, நான் செருமினேன், ரெண்டு நொடி நிறுத்தினேன், "சபூரா" என்றேன். அந்த ரெண்டு நொடியில் அவளுக்குள் என்ன ஓடியதோ, நான் வெள்ளை ஷூவுக்கு வாயெடுக்கும் முன்னால் அவளே கேட்டாள். "மேடம், பெர்மனன்ட் ஆள் வந்துட்டாங்களா மேடம்? திங்கக்கிழமையிலேருந்து நான் வரவேண்டாமா?" நானாக இருந்தால் இல்லை மிஸ் என்று சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன். ஆனால் போனில் இருந்தது நான் இல்லையே. அந்தக் குரலுக்கு என்ன வருமோ அதுதான் வந்தது. "ஆமா. அவ்ளோதான்." அந்தப் பக்கம் ஒரு சின்ன மூச்சு. "சரிங்க மேடம். ரொம்ப நன்றி மேடம்." நன்றி என்றாள். எதுக்கு நன்றி. கேட்டில் ஜெஸிந்தா இருமினாள், அண்ணாச்சி வருகிறார், நான் ரிசீவரை வைத்துவிட்டேன். "பேசுனியாட்டி?" என்று கேட்டாள் ஜெஸிந்தா. "எடுக்கல" என்றேன். அப்போது நான் சொன்னது என் குரலில்தான், அந்தப் பொய் மட்டும் முழுக்க என்னுடையது.

பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதே மிஸ்ஸுக்குத் திருப்பிப் போன் போட்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை போட்டிருக்கலாம். போடவில்லை, ஏனென்றால் அவள் எப்படியும் யாரிடமாவது கேட்பாள், எச்.எம்.முக்கே போன் போட்டு ஏன் மேடம் என்பாள், விஷயம் வெளியே வரும், நான் திட்டு வாங்குவேன், முடிந்தது. மனுஷி என்றால் ஒரு தடவையாவது ஏன் என்று கேட்கமாட்டாளா. இன்றைக்கு பிரேயரில் டீச்சர் வரிசையில் ஏழாவது இடம் காலியாக இருந்தபோதுதான் தெரிந்தது, அவள் கேட்கமாட்டாள். சபூரா மிஸ் கவர்மென்ட் டீச்சர் இல்லை, பெற்றோர் ஆசிரியர் கழகம், அதாவது பி.டி.ஏ., வைத்த டீச்சர். கவர்மென்ட் ஆளைப் போடும் வரைக்கும் அவள், போட்ட அன்றைக்கு ஒரு போன். அவளுக்கு முன்னால் இதே மாதிரி வைத்திருந்த மேத்ஸ் மிஸ்ஸையும் அப்படித்தான், வெள்ளிக்கிழமை பாதிக் கணக்கில் நிறுத்திவிட்டுப் போனவள், திங்கட்கிழமை மீதிக் கணக்கை வேறொருத்தி போட்டாள். இது எங்கள் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தது எனக்கு எங்கே இருந்தது அப்போது, எந்தப் பாக்கெட்டில் வைத்திருந்தேன். ரெண்டு வருஷமாக ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் அவள் அந்தக் கேள்வியை வாயில் தயாராக வைத்துக்கொண்டுதான் எடுத்திருக்கிறாள். பதில் மட்டும்தான் வராமல் இருந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான். "கிவ்" என்கிறாள் ஜெஸிந்தா. கிவ் என் ஆன்சர், கிவ் எ ஸ்பீச், கிவ் எ ஹேண்ட். வாயை மூடிட்டி, ஜெஸிந்தா.

இந்த பீரியட் ஆரம்பிக்கும்போது எச்.எம். வாசலில் வந்து நின்றார். எல்லாரும் எழுந்தோம். பி.டி. மிஸ்ஸிடம்தான் பேசினார், ஆனால் வாசலில் நின்று பேசினால் எங்களுக்குக் கேட்காதா. ஒரு லீவ் லெட்டர் கிடையாது, ஒரு போன் கிடையாது, பிளஸ் ஒன் பிள்ளைங்களை அப்படியே விட்டுட்டு உட்கார்ந்திருக்கு, இதுதான் பொறுப்பா என்றார். "நாம ஒரு போன் போட்டுப் பாப்பமா மேடம்?" என்றாள் பி.டி. மிஸ். "நான் எதுக்குப் போடணும்? வேலை யாருக்கு வேணும்?" தொண்டையைச் செருமினார். நிஜமான செருமல். அதைக் கேட்டதும் என் தொண்டையும் தானாகச் செருமப் பார்த்தது, அடக்கினேன். பி.டி.ஏ. தலைவர் சொன்ன பொண்ணு ஒண்ணு பி.எட். முடிச்சிட்டு சும்மா இருக்கு, பன்னிரண்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கேன், சர்ட்டிபிகேட் பாத்துட்டு மத்தியானத்திலேருந்தே இந்த கிளாஸுக்கு விட்டுடலாம். அவ்ளோதான். கதவு சாத்திக்கொண்டது. அதாவது கதவு திறந்துதான் இருந்தது, அவர் போய்விட்டார். மணி இப்போது பதினொன்று இருபது. பன்னிரண்டுக்கு அந்தப் பொண்ணு வருவாள். நல்ல சேலை கட்டிக்கொண்டு, பைல் ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருவாள், அவள்மேலும் ஒரு தப்பும் இல்லை, அவளும் எத்தனை மாசம் சும்மா இருந்தாளோ. ஒரு தடவை அவள் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதற்கப்புறம் நான் உண்மையைச் சொன்னால்கூட யாரை எழுப்பி யாரை உட்காரவைப்பார்கள். நாற்காலி ஒன்றுதானே இருக்கிறது.

யோசி முப்பிடாதி, யோசி. வழி இருக்கிறது, ரொம்பச் சுலபமான வழி, சிரிப்பு வருகிற மாதிரி வழி. மறுபடியும் அந்தப் பச்சைப் போன். மறுபடியும் எச்.எம். செருமல், நிறுத்தம், சபூரா, உடனே கிளம்பி வாங்க, அவ்ளோதான். கடையநல்லூரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம், ஓடிவந்தால் பன்னிரண்டு பத்துக்கு கேட்டில் நிற்பாள். சாத்தின கதவை அதே குரலால் திறந்துவிடலாம், யாருக்கும் தெரியாது, நான்கூட மறந்துவிடலாம். ஆனால் கேட்டில் எச்.எம். ஏன் வரலை என்று கேட்பார், நீங்கதானே மேடம் சொன்னீங்க என்பாள், நான் எப்போ சொன்னேன் என்பார், பொய் வேற சொல்லுதியா என்று இன்னும் மோசமாகும். வேண்டாம். அப்படியென்றால் இந்தப் பக்கமிருந்து. சபூரா மிஸ் குரலில் எச்.எம்.முக்கு ஒரு போன், மேடம், பையனுக்குக் காய்ச்சல், சொல்ல முடியலை, மன்னிச்சிருங்க மேடம், நாளைக்கு வந்திருதேன். சபூரா மிஸ் குரல் வரும் எனக்கு, எல்லாக் குரலும் வருமே. நாக்கை அசைக்காமல் உள்ளுக்குள்ளே செய்து பார்த்தேன். மேடம் என்று ஆரம்பித்தேன். சனிக்கிழமை கேட்ட மேடம்தான் வந்தது, கடைசி எழுத்தைப் பாதியில் விழுங்குகிற மேடம், அதற்குப் பின்னால் அந்தச் சின்ன மூச்சும் வந்தது. நிறுத்திவிட்டேன். இந்தக் குரலை நான் எடுக்கக் கூடாது. இதோடு ஒரு ஆள் இருக்கிறாள். மற்றக் குரலோடெல்லாம் ஆள் இல்லையா என்ன. இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள். எட்டு பத்து பஸ்ஸுக்கு வழக்கம்போல எழுந்து குளித்து டிபன் கட்டிவிட்டு அப்புறம் ஞாபகம் வந்து உட்கார்ந்திருப்பாளா. கட்டின டிபனை என்ன செய்வாள். வீட்டில் சொல்லியிருப்பாளா, இல்லை இன்று லீவ் என்று சொல்லிவிட்டு அடுப்படியில் நின்றுகொண்டிருப்பாளா. எங்கள் பேப்பர் கட்டு அவளிடம்தான் இருக்கிறது, வெள்ளிக்கிழமை டெஸ்ட் பேப்பர். நான் அதில் பே எ விசிட் என்பதற்குப் படம் வரைந்திருந்தேன், ஒரு மாமா ஆஸ்பத்திரி வாசலில் கவுன்டரில் நின்று விசிட்டுக்குச் சில்லறை எண்ணுகிற மாதிரி. பார்த்து சிரித்திருப்பாளா, சனிக்கிழமை மத்தியானத்துக்கு முன்னால் திருத்தினாளா, பின்னால் திருத்தினாளா.

"மேக்" என்கிறாள். ரெண்டாம் சுற்று. எழுந்திருக்கிறேன். அவர்களும் எழுந்திருக்கிறார்கள். கடைசி பெஞ்சு இசக்கி, போன்கால், நேராக என்னையே பார்க்கிறாள், இவளுக்குத் தெரியுமோ, எப்படித் தெரியும், ஜோடி என்றால் ஜோடியைப் பார்த்துத்தானே நிற்க வேண்டும், மிஸ் சொல்லிக்கொடுத்தது அதுதானே. அவள் லேசாகப் புருவத்தைத் தூக்கி என்னட்டி என்கிறாள். நான் வழக்கம்போல ஏதாவது சேட்டை செய்வேன் என்று எதிர்பார்க்கிறாள். வகுப்பே எதிர்பார்க்கிறது. பி.டி. மிஸ் மாதிரி விசில் ஊதலாம், இப்போது ஊதினால் பி.டி. மிஸ் தன் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பாள், செத்தோம் சிரித்து. வாயில் எச்சில் இல்லை. மேக் எ மிஸ்டேக். எங்கள் ஊரில் தப்பு பண்ணுவோம், சத்தியம் பண்ணுவோம், கேலி பண்ணுவோம், கல்யாணம் பண்ணுவோம், எல்லாவற்றுக்கும் பண்ணு ஒன்று போதும், எங்கள் வகுப்பில் தமிழுக்கு இப்படி வரிசை பிரித்தால் பண்ணு என்கிறவள் உட்காரவே முடியாது. ஆனால் பண்ணு போகாத இடமும் இருக்கிறது. பொய்யைப் பண்ண முடியாது, சொல்லத்தான் வேண்டும். பழியைப் போடத்தான் வேண்டும். மன்னிப்பையும் பண்ண முடியாது. இங்கிலீஷில் மேக் என் அபாலஜி, சீட்டில் அபாலஜியும் உண்டு, அவள் இன்று லீவ், அதனால் யாரும் எழுந்திருக்கவில்லை, யாரும் கவனிக்கவும் இல்லை. இங்கிலீஷில் நான் ஒருத்தியே உட்கார்ந்து செய்துவிடலாம் போலிருக்கிறது, தோசை மாதிரி. நம்முடையதில் கேட்க வேண்டும். கேட்டால் எதிரில் ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் தருவதும் தராததும் அவள் இஷ்டம். மிஸ்ஸிடம் கேட்கலாம். மிஸ் தருவாள், அவள் எதைத்தான் தரமாட்டாள், அதனால் அது பெரிதில்லை. எச்.எம்.மிடம் கேட்டால் டி.சி. கிழித்துக் கையில் கொடுப்பார். அம்மாவை வரச் சொல்வார். அம்மா சித்தியிடம் பேசும் குரலில் ஆரம்பித்து எங்களிடம் பேசும் குரலில் முடிப்பாள். பிளஸ் ஒன் பாதியில் டி.சி. வாங்கினால் எந்த ஸ்கூலில் சேர்ப்பார்கள், எதற்காக வாங்கினாய் என்று கேட்பார்கள், எச்.எம். மாதிரிப் பேசினேன் சார், பேசிக் காட்டு பார்ப்போம். "ஏ முப்பிடி, உக்காரு, டூ சொல்லியாச்சி" என்கிறாள் ஜெஸிந்தா. எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். நான் மட்டும் நின்றுகொண்டிருக்கிறேன். எவ்வளவு நேரமாக நிற்கிறேன் என்று தெரியவில்லை. பி.டி. மிஸ் விசில் கயிற்றை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். "என்னம்மா, பாத்ரூமா?" மணி பதினொன்று முப்பத்தைந்து. ஆமா மிஸ் என்றேன். அதுவும் பொய்தான், ஆனால் சின்னது, கால் முளைத்த பொய், நடந்துவிட்டது.

வராந்தாவில் எட்டு தூண். நாலாவது தூணில் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன், நினைத்துக்கொண்டே ஏழாவதுக்கு வந்துவிட்டேன். எச்.எம். ரூமில் மின்விசிறி லொட லொட என்று, அதுவும் எனக்கு வரும், போதும், வாயை மூடு. "மேடம்." நிமிர்ந்து பார்த்தார். என்ன சொல்ல வேண்டும் என்று தூணுக்கு ஒன்றாகத் தயார் பண்ணியிருந்தேன், ஒன்றும் இல்லை இப்போது, கடைசி வரியிலிருந்து ஆரம்பித்தேன். "சபூரா மிஸ் வராததுக்கு நான்தான் மேடம் காரணம். சனிக்கிழமை ஆபீஸ் போன்லேருந்து நான் பேசுனேன். உங்களை மாதிரி." "என்னை மாதிரின்னா?" "உங்க குரல்ல மேடம். வரவேண்டாமான்னு மிஸ்ஸே கேட்டாங்க, நான் ஆமான்னு சொல்லிட்டேன்." அவர் பேனாவை மூடினார். கோபம் வரும் என்று நின்றேன், வரவில்லை, அதைவிட மோசமாக, நம்பவில்லை. "அவங்க சொல்லிக் குடுத்து அனுப்பினாங்களா? வரலைன்னா வரலைன்னு சொல்லணும், பிள்ளைங்களைத் தூது விடக் கூடாது." "இல்ல மேடம், நெசமாவே நான்தான்." "அப்படியா. பேசிக் காட்டு." வாயைத் திறந்தேன். செரும வேண்டும், அதுதான் முதல். தொண்டை அசையவில்லை. எத்தனை பேர் குடியிருந்த வீடு, ஒருத்தரும் இல்லை. சபூரா என்று சொல்லிப் பார்த்தேன், கீச்சென்று ஏதோ வந்தது, பல் விழுந்த ஒன்றாங்கிளாஸ் பிள்ளை சொல்கிற மாதிரி. "இதை வச்சா ஒரு டீச்சரை ஏமாத்தின?" என்றார். சிரிக்கக்கூட இல்லை. "போ கிளாஸுக்கு." நான் போகவில்லை. கால் ஆடியது, ஆனால் போகவில்லை. "போன் போட்டுப் பாருங்க மேடம். நீங்க சபூரான்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் சொல்லாதீங்க மேடம், மிஸ் என்ன சொல்லுதாங்கன்னு கேளுங்க." எச்.எம்.மிடம் அப்படிப் பேசினேன், இதைச் செய்யுங்க அதைச் செய்யாதீங்க என்று. என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு ரிசீவரை எடுத்தார். எண்ணை அழுத்தினார். பன்னிரண்டு மணிப் பொண்ணு சீக்கிரமே வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது, மடியில் பைல், அதன்மேல் ரெண்டு கையும்.

எச்.எம். செருமினார். "சபூரா" என்றார். அதற்கப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. சத்தம் ரிசீவரிலிருந்து சிந்தி எனக்கும் கேட்டது, மெலிசாக, தகர டப்பாவுக்குள் பேசுகிற மாதிரி. "மேடம், பீரோ சாவி என்கிட்டதான் இருக்கு மேடம், இன்னிக்கே குடுத்து அனுப்பிடுறேன். சனிக்கிழமை நீங்க சொன்னதும் எனக்கு ஒண்ணும் ஓடலை, அதான் கேக்க மறந்துட்டேன். பிளஸ் ஒன் பேப்பர் எல்லாம் திருத்தியாச்சு மேடம், புதுசா வர்றவங்களுக்கு வசதியா மார்க் தனியா எழுதி வச்சிருக்கேன். அந்தப் பிள்ளைங்களுக்கு ஆளுக்கொரு வார்த்தை குடுத்திருக்கேன், அந்த லிஸ்டையும் வச்சிருக்கேன் மேடம், மாத்த வேண்டாம்னு மட்டும் சொல்லிருங்க, பழகிட்டாங்க. எனக்கு ரெண்டு வருஷம் வேலை பாத்தேன்னு ஒரு சர்ட்டிபிகேட் மட்டும்..." எச்.எம். என்னைப் பார்த்தார். ரிசீவர் அவர் காதில் இருந்தது, கண் என்மேல் இருந்தது, அந்தக் கண்ணை நான் இதற்கு முன் பார்த்ததில்லை, தன்னுடைய வீட்டில் வேறு யாரோ சமைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போனதைக் கண்டுபிடித்தவர் மாதிரி. மேசைக்கு மேலாக ரிசீவரை என் பக்கம் நீட்டினார். "நீயே சொல்லு." வாங்கினேன். அது சூடாக இருந்தது. "மிஸ், நான் முப்பிடாதி." ரிசீவரை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "சனிக்கிழமை பேசுனது மேடம் இல்ல மிஸ். நான். வெள்ளை ஷூ போட்டுட்டு வரச் சொல்லத்தான் மிஸ் போட்டேன், நீங்க அப்படிக் கேட்டதும், எனக்குத் தெரியல மிஸ், வாய்ல வந்துட்டு. மன்னிச்சிருங்க மிஸ்." பின்னால் எங்கேயோ குக்கர் ஒரு விசில் விட்டது. திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டினால் நன்றாக இருக்கும், ஒரு தடவையாவது இந்த மிஸ் சத்தம் போட்டு நான் கேட்க வேண்டும். "மேடம் பக்கத்துல இருக்காங்களா?" என்றாள். "இருக்காங்க மிஸ்." "அவங்களுக்குத் தெரியுமா இது?" "சொல்லிட்டேன் மிஸ்." அப்புறம் அவள் கேட்டாள், சனிக்கிழமை கேட்ட அதே குரலில், கடைசி எழுத்தை விழுங்கி. "அப்போ நான் வரலாமா?" ஆமா மிஸ் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வாங்க மிஸ், ஓடி வாங்க, பதினொன்று நாற்பத்தைந்து பஸ் இருக்கு. பல்லைக் கடித்துக்கொண்டேன். ஜன்னலுக்கு வெளியே அந்தப் பொண்ணு கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அதை நான் சொல்லக் கூடாது மிஸ்" என்றேன். ரிசீவரைத் திருப்பி நீட்டினேன். என் கை நீண்டபடியே இருந்தது, எச்.எம். உடனே வாங்கவில்லை, அதற்குள்ளிருந்து மிஸ் முப்பிடாதி, முப்பிடாதி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பிறகு வாங்கினார். செருமவில்லை. நிறுத்தவும் இல்லை. "சபூராம்மா, இப்ப நான்தான் பேசுறேன்" என்றார்.